இருபத்தைந்துக்கு இருபத்தாறு

ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் வாய்ச்சண்டை வந்து நீ பட்டென்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும், என்றைக்காவது படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் இனி கடிதம்தான்.

என் பிள்ளை வாலு இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. இங்கே ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை, நீ அங்கே அறிவியல் டீச்சர், ஒரு வருஷம் உன்னிடம் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று நான்தான் அனுப்பினேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆனால் பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. உன்னிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவள் அப்பாவிடம் சொன்னால், லாரியைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளைக்கு ரெண்டு அம்மா கிடைச்சா நல்லதுதானேடி" என்கிறார். மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கும் மனுஷன், அவருக்கு ஒரு அம்மாவே அதிகம்.

அவள் பல் தேய்த்தேன் என்று சொன்னால் நம்பாதே, பிரஷ் ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார். கத்திரிக்கோலை அவள் கையில் கொடுக்காதே, எங்கே வைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ஆறு வருஷமாக நான் என் தையல் டேப்பை ஆணியில் மாட்டி, அதன் நுனியில் கத்திரிக்கோலைக் கட்டித் தொங்கவிட்டிருப்பது அவளுக்குப் பயந்துதான். இப்போது தொலைக்க ஆளில்லை. ஆனாலும் அப்படியேதான் தொங்குகிறது.

அடுத்த மாதம் அவளுக்குப் பதினொன்று முடிகிறது. பிறந்ததிலிருந்து என் மகள் கடைத்துணி போட்டதில்லை. கவுனுக்கு அளவெடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். பிரஷ் தினமும் ஈரமாகத்தான் இருக்கிறது. குழாயில் நனைத்து வைக்கிறாள் என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன்.

அளவு இதோ: கவுன் உயரம், தோளிலிருந்து முழங்கால் வரை, 75, கை 25, தோள் 30, மார்பு 65. எல்லாம் சென்டிமீட்டர். பள்ளியின் இரும்பு ஸ்கேலோடு சரிபார்த்த டேப்பால் எடுத்தது.

இந்த வாரம்தான் அவள் வகுப்புக்கு அளவு பற்றிய பாடம் தொடங்கினேன். முதலில் ஸ்கேலே கொடுக்கவில்லை. எல்லாரும் சாண் போட்டு ஒரே மேசையை அளக்கச் சொன்னேன். ஒன்பது என்கிறான் ஒருவன், பதினொன்றரை என்கிறாள் ஒருத்தி, சண்டை வந்துவிட்டது. உன் மகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று, "ஏன் கத்துறீங்க? மேசை மாறல, கைதான் மாறுது" என்றாள். அக்கா, பத்து வருஷமாக நான் பாடம் முடிந்த பிறகு சொல்லும் வாக்கியம் அது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

எல்லாருக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். இடது பக்கத்தில் 'கண்டது', வலது பக்கத்தில் 'நினைத்தது'. கண்ணால் பார்த்ததையும் எண்ணியதையும் அளந்ததையும் இடது பக்கம் எழுத வேண்டும். அதைப் பற்றி மனதில் தோன்றுவதை வலது பக்கம். இரண்டையும் கலந்தால் மதிப்பெண் கிடையாது. பெரியவர்களுக்கே வராத விஷயம் இது. அவள் நான்கே நாளில் பிடித்துக்கொண்டாள். நான் அவளை 'விஞ்ஞானி' என்றுதான் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
தங்கை


ஜூலை 8

அன்புத் தங்கைக்கு,

கவுனைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீலத் துணி, வெள்ளைக் காலர். காலரை மட்டும் இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். நீ கொடுத்த அளவில் ஒரு நூல் பிசகவில்லை.

அவள் எனக்கு எழுதிய கடிதம் வந்தது. நானும் எண்ணிப் பார்த்தேன், எண்ண எனக்கும் தெரியும். பதினாறு இடத்தில் 'சித்தி'. தொடக்கத்தில் ஒரு 'அம்மா', முடிவில் ஒரு 'அம்மா'. ஸ்கேலின் முனை தேய்ந்திருந்தால் ஒன்றிலிருந்து அளந்து ஒன்றைக் கழிக்க வேண்டும் என்று சித்தி சொன்னாங்க. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்க்கும்போது கண்ணை அந்த மட்டத்துக்கு இறக்க வேண்டும் என்று சித்தி சொன்னாங்க. எதையும் மூன்று தடவை அளக்க வேண்டும் என்று சித்தி சொன்னாங்க. சோறு சாப்பிட்டாளா, ராத்திரி போர்த்திக்கொண்டாளா என்று ஒரு வரி இல்லை. கீழே கையெழுத்து என்ன தெரியுமா? 'உங்கள் விஞ்ஞானி.'

அவளுக்கு நான் வைத்த செல்லப் பெயர் வாலு. பதினோரு வருஷம் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தாள். மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கு வயிறு எரிகிறது. சொந்தத் தங்கையைப் பார்த்தா என்று நீ கேட்பாய். வேறு யாரைப் பார்த்து எரியும்? பக்கத்து வீட்டுக்காரியிடமா என் பிள்ளை இருக்கிறாள்?

கவுன் போட்டதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அக்கா


ஜூலை 17

அன்புள்ள அக்காவுக்கு,

கோபத்தில் 'அன்புடன்' எழுத மறந்துவிட்டாய். பரவாயில்லை, நான் இரண்டாகப் போட்டுக்கொள்கிறேன்.

கவுன் வந்தது. தையல் அழகு, காலர் அழகு. ஆனால் கொஞ்சம் தொளதொள என்று இருக்கிறது. தோள் இறங்கி நிற்கிறது, கை முழங்கையில் இடிக்கிறது. பிறந்தநாளன்று பள்ளியில் அவள் மேடையேறி, தான் முளைக்கவைத்த விதைகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதனால் கடையில் ஒரு கவுன் வாங்கிவிட்டேன். சிவப்பு. அச்சாகப் பொருந்தியது. போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன். நீ தைத்தது வளர்ந்தபின் ஆகும், மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

வருத்தப்படாதே. எல்லாருக்கும் சில நேரம் கை தவறும்.

அன்புடன், அன்புடன்,
தங்கை


ஆகஸ்ட் 2

தங்கைக்கு,

போட்டோவைப் பார்த்தேன். நன்றாகச் சிரிக்கிறாள். சிவப்பு அவளுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. போட்டோவை மிஷின் டிராயரில் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எனக்குக் கை தவறும் என்று எழுதியிருக்கிறாய். இருபது வருஷமாக இந்தத் தெருவுக்கே தைக்கிறேன். ஒரு சட்டை, ஒரு கால்சட்டை திரும்பி வந்ததில்லை. தவறு என் கையில் இல்லை, நீ அனுப்பிய அளவில். மூன்று முறை அளக்க வேண்டும் என்று ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லித் தருகிறாயே, என் பிள்ளையை எத்தனை முறை அளந்தாய்? மறுபடி எடுத்து அனுப்பு. இன்னொன்று தைக்கிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கடைத்துணி பொருந்தி, பெற்றவள் தைத்தது பொருந்தவில்லை என்றால் எனக்குச் சாப்பாடு இறங்குமா? அந்தக் கவுனுக்குள் ஒரு சுற்று என் மகள் குறைந்துபோன மாதிரி இருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று முறை அளந்தேன். மூன்றாவது முறை அவளே கண்ணாடி முன் நின்று எழுதிக்கொண்டாள். உயரம் 75, கை 25, தோள் 30, மார்பு 65. முன்பு சொன்னதேதான், ஒரு மில்லிமீட்டர் மாற்றமில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விளையாட்டுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு வயது நாற்பத்து மூன்று ஆகிறது. கண்ணைக் காட்டிப் பாரேன். டேப்பில் பொடி எழுத்து, விளக்கும் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. தைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால்தான் என்ன?

இன்னொன்று. தலைமையாசிரியை அவளைப் பத்தாவது வரை இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நானும் சரி என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் முடிவெடுக்கவில்லை, பேச்சுக்குச் சொன்னேன். யோசித்துச் சொல்.

அன்புடன்,
தங்கை


செப்டம்பர் 30

தங்கைக்கு,

விடுமுறை முடிந்து நேற்று வாலுவை பஸ் ஏற்றிவிட்டேன். வந்து சேர்ந்திருப்பாள். இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். பாதியில் வைக்காதே.

நீ கண்ணைக் காட்டு என்று எழுதிய அன்றிலிருந்து ஒவ்வொரு துணியையும் விளக்கடியில் வைத்துத்தான் பார்க்கிறேன். நீ மறுபடி அனுப்பிய அளவுக்கு ஒரு பச்சைக் கவுன் வெட்டினேன். ஒவ்வொரு கோடும் நாலு முறை பார்த்துப் போட்டேன். பக்கத்து ஆஸ்பத்திரி நர்சுகளுக்குப் பன்னிரண்டு கோட்டு தைக்கக் கேட்டு வந்தார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டேன். என் கையை நானே நம்பாதபோது ஊரான் துணியில் எப்படிக் கத்திரி வைப்பது? வாலுவின் அப்பா கேட்டதற்கு முதுகு வலி என்று பொய் சொன்னேன்.

வாலு வந்த அன்றே பச்சைக் கவுனைப் போட்டுப் பார்த்தாள். தோள் இறங்கி, கை முழங்கையை மூடித் தொங்கியது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் பயந்துபோய், "அம்மா, கவுன் ஜாலியா காத்தோட்டமா இருக்கும்மா" என்றாள். என்னைச் சமாதானம் செய்ய அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு ஆணியிலிருந்து என் டேப்பை எடுத்து நானே அவளை அளந்தேன். உயரம் 72. கை 24. மூன்று முறை அளந்தேன், உன் வழியில்தான். 72, 72, 72. அந்த அளவுக்கு ஒரு மஞ்சள் கவுன் தைத்தேன். ஊசி விழ இடமில்லாமல் பொருந்தியது. ஊருக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருப்பாள். நன்றாகப் பார். என் கையில் தவறில்லை, என் கண்ணில் வெள்ளெழுத்தும் இல்லை. நீதான் மூன்று சென்டிமீட்டர் கூட்டி எழுதியிருக்கிறாய்.

அப்படியும் என் மனம் ஒப்பவில்லை. தங்கை அப்படிச் செய்வாளா என்று எனக்கு நானே வாதாடினேன். ஊருக்குக் கிளம்பும் முன் அவள் தன் நோட்டை எடுத்து, "படிச்சுக் காட்டவாம்மா?" என்றாள். விதை முளைத்தது, எறும்பு வரிசை எல்லாம் படித்தாள். இங்கே வந்தபின் எழுதியதையும் படித்தாள். 'கண்டது: அம்மா இன்று ஒன்பது முறை சித்தியைப் பற்றிக் கேட்டாள். நினைத்தது: அம்மாவுக்குச் சித்தியை மிகவும் பிடிக்கும்.' எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

அதன் பிறகு அவள் ஒரு பழைய பக்கத்தைப் புரட்டினாள். ஜூலை மாதத்தது. அவளிடமிருந்து நோட்டை வாங்கி நானே எழுத்துக்கூட்டிப் பார்த்து எழுதிக்கொண்டேன். 'கண்டது: அம்மாவின் பார்சல் வந்தது. கவுனைப் போட்டுப் பார்த்தேன், தொங்கியது. சித்தி கவுனை மேசையில் விரித்து இரும்பு ஸ்கேலால் அளந்தார். மறுபடி அளந்தார். ஒரு தாளில் எழுதி டிராயரில் வைத்து மூடினார். சிரித்தார்.' வலது பக்கம் வெறுமையாக இருந்தது. ஏன்டி ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டேன். "என்ன நினைக்கறதுன்னு தெரியலம்மா" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. அந்தத் தாளில் என்ன எழுதினாய்? ஏன் சிரித்தாய்? உன் பதிலைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்து என் பிள்ளையை அழைத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

அக்கா


அக்டோபர் 6

அக்காவுக்கு,

டிராயரில் வைத்த தாள் இத்துடன் இருக்கிறது. கசங்கியிருக்கும். இரண்டு முறை கிழிக்க எடுத்து, மனமில்லாமல் வைத்துவிட்டேன்.

அதில் இருப்பது இதுதான்: 'உயரம் 75 கேட்டது, 78 வந்தது. கை 25 கேட்டது, 26 வந்தது. தோள் 30 கேட்டது, 31-க்குக் கொஞ்சம் மேல். டேப்!'

நான் உனக்குப் பொய் அளவு அனுப்பவில்லை. அது மட்டும் சத்தியம். நான் செய்தது அதைவிட மோசம்.

அக்கா, கை தவறினால் ஒரு இடத்தில் கூடும், ஒரு இடத்தில் குறையும். உன் கவுனில் எல்லா இடத்திலும் ஒரே கணக்கில் கூடியிருந்தது, இருபத்தைந்துக்கு ஒன்று. அப்படி வந்தால் தவறு கையில் இல்லை, கருவியில். வகுப்பில் நான் சொல்லித் தருவதுதான். உன் டேப் நீண்டுபோயிருக்கிறது. ஆறு வருஷமாக நுனியில் கத்திரிக்கோல் தொங்கினால் துணி டேப் என்ன செய்யும்? அது 25 என்று காட்டும் இடம் உண்மையில் 26. தெருவுக்கெல்லாம் தைத்தாயே, ஏன் யாருக்கும் பிசகவில்லை என்றால், அவர்களை அளந்ததும் அந்த டேப்தான், துணியை வெட்டியதும் அந்த டேப்தான். ஒரு தவறை இன்னொரு தவறு சரிக்கட்டிவிட்டது. வாலு உன் பக்கத்தில் இருந்தவரை அவளுக்கும் அப்படித்தான். அவள் இங்கே வந்து, நான் வேறு டேப்பால் அளந்தபோதுதான் வெளியே தெரிந்தது. நீ 72 என்று அளந்ததும் நான் 75 என்று அளந்ததும் ஒரே பிள்ளையின் ஒரே அளவுதான். ஒரு டேப்பைப் புதிதாக வாங்கி உன்னுடையதோடு சேர்த்துப் பிடித்துப் பார், நான் சொல்லி நீ நம்ப வேண்டாம்.

பார்சல் வந்து பத்து நிமிடத்தில் இது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. இரண்டாவது முறை அளவு கேட்டபோதும் சொல்லவில்லை. கண்ணைக் காட்டு என்று எழுதினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உன்னைக் கேலி செய்தேன். உன் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தது, அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஏன் சிரித்தேன் என்று கேட்கிறாய். சின்ன வயதில் நீ போட்டுக் கழித்த சட்டைதான் எனக்கு. எல்லாமே தோள் இறங்கும், கை தொங்கும். "அக்கா வளர்ந்துட்டா, நீ போட்டுக்கோ" என்பார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் உன் தையலைப் புகழ்வார்கள், நான் உன் தொளதொளச் சட்டையில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கவுன் உன் மகள்மேல் தொங்கியதைப் பார்த்ததும், அக்கா தைத்தது கடைசியாக ஒருநாள் பொருந்தாமல் போயிற்று என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அப்புறம் அவள் நான் வாங்கிய சிவப்புக் கவுனைப் போட்டுக்கொண்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதை விட மனம் வரவில்லை. இந்த அறையில் பன்னிரண்டு வருஷமாக ஒரு தட்டு, ஒரு டம்ளர். உனக்கு மட்டும்தான் வயிறு எரியும் என்று நினைத்தாயா?

நீ நர்சுகளைத் திருப்பி அனுப்பியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தாமலே வைத்துவிட்டேன். கண்டதைக் கண்டபடி எழுது என்று நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்கிறவள், கண்டதை டிராயரில் போட்டுப் பூட்டியிருக்கிறேன்.

தலைமையாசிரியையிடம் முடிவு உன்னுடையது என்று சொல்லிவிட்டேன். வாலுவின் சாமான்களை இன்னும் கட்டவில்லை. நீ சொன்னால் கட்டுகிறேன்.

தங்கை


அக்டோபர் 15

தங்கைக்கு,

கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. ஆறு நாளும் உன்னைத் திட்டினேன். மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பெரிய கடைக்குப் போய் டேப் வாங்கினேன். ஒன்றல்ல, இரண்டு. கடைக்காரர் முறைக்க முறைக்க, இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, குனிந்து கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து கடைசி வரை ஒத்துப்பார்த்தேன். வீட்டுக்கு வந்து பழையதோடு சேர்த்துப் பிடித்தேன். இருபத்தைந்துக்கு இருபத்தாறு. நீ சொன்னது சரி. கத்திரிக்கோலை அவிழ்த்துத் தனி ஆணியில் மாட்டிவிட்டேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

நர்சுகளிடம் நானே போய்க் கேட்டேன். நாலு கோட்டு வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்களாம். எட்டு கிடைத்தது. அந்த நாலு கோட்டு உன் கணக்கில்.

வாலுவின் சாமான்களைக் கட்டாதே. யாரிடம் இருக்க ஆசை என்று அவளைக் கேட்கவும் கேட்காதே. கேட்டால் நோட்டில் எழுதிவிடுவாள், நம் இருவரில் ஒருத்தி அதைப் படிக்க வேண்டியிருக்கும். படிப்பு அங்கே நன்றாக இருக்கிறது, அதனால் அங்கே இருக்கட்டும். பத்தாவது வரை என்பதை வருஷா வருஷம் என்னைக் கேட்டுச் சொல். விடுமுறை முழுவதும் எனக்கு. வீட்டுக்குள் அவள் வாலு, விஞ்ஞானி எல்லாம் பள்ளிக்கூடத்தோடு. இனி கடைத்துணி கூடாது. அந்தச் சிவப்புக் கவுன் சின்னதாகும் வரை போட்டுக்கொள்ளட்டும், நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. கை தவறியிருந்தால் மன்னித்திருப்பேன். நீ சிரித்தது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஆனால் நான் போட்டுக் கழித்த சட்டைகளைப் பற்றி நீ எழுதியதும் நிற்கிறது. அது எனக்குத் தெரியவே தெரியாது. ஓரமாக நின்றாய் என்கிறாய், நான் ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

இரண்டு டேப்பில் ஒன்றை இந்த உறையில் வைத்திருக்கிறேன். மற்றது என்னிடம். இனி இங்கேயும் அங்கேயும் ஒரே அளவு.

அடர்நீலத்தில் ஒரு நல்ல துணி வாங்கி வைத்திருக்கிறேன். யாரும் போட்டுக் கழித்தது அல்ல, உனக்கென்றே முதன்முதலாக வெட்டப்போவது. அளவு அனுப்பு. நீயே எடுத்து அனுப்பாதே, உன்னை நம்புவதற்கில்லை. வாலுவை எடுக்கச் சொல்.

அன்புடன்,
அக்கா